கடலில் இவ்வளவு வெப்பம் இருக்கிறது, அதிலிருந்து ஏன் கரண்ட் எடுக்க முடியவில்லை?

மஞ்சக்குப்பத்தான்:

பண்ருட்டிப் பக்கம் எங்கள் மாமா அரிசி மில் வைத்திருக்கிறார். நெல் அவிக்க உமியில் ஓடும் பாய்லர். புகைபோக்கி பக்கத்தில் நிற்க முடியாது, அவ்வளவு அனல். போன வாரம் ஒருவர் வந்து, ஷெட் தகரத்தின் சூட்டையும் சுற்றியுள்ள காற்றின் சூட்டையும் இழுத்துக் கரண்ட் தரும் பெட்டி இருக்கிறது, எரிபொருளே வேண்டாம், குளிர்ந்த தண்ணீரும் வேண்டாம், வெறும் சூடு பட்டால் போதும் என்று சொல்லி அட்வான்ஸ் கேட்டிருக்கிறார். மாமா என்னிடம் விசாரிக்கச் சொன்னார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் எங்கே தப்பு என்று சொல்லவும் தெரியவில்லை, ஏனென்றால் கணக்குப் போட்டால் அவர் சொல்வதில் நியாயம் இருப்பது போலத்தான் தெரிகிறது. ஒரு டன் தண்ணீரை ஒரே ஒரு டிகிரி குளிர வைத்தால் 1.16 யூனிட் வெளியே வர வேண்டும். தேவனாம்பட்டினம் கரையில் நின்று பார்த்தால் எத்தனை டன் தண்ணீர் கண்ணில் படுகிறது? ஆற்றல் அழியாது, உருதான் மாறும் என்று பள்ளியிலேயே படித்தோம். அப்படியானால் இந்தக் கடலை அரை டிகிரி குளிர வைத்தாலே மாவட்டம் முழுக்கக் கரண்ட் கொடுக்கலாமே, நெய்வேலியில் எதற்கு மண்ணைத் தோண்ட வேண்டும்? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

நெய்வேலி_டர்பைன்:

தம்பி, 1.16 யூனிட் கணக்கு சரி. அந்த வெப்பம் கடலில் இருப்பதும் உண்மை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வெப்பம் கடலை விட்டு எங்கே போகும்? காற்று 30 டிகிரி, கடல் 29 டிகிரி. வெப்பம் தானாக இறங்கிப் போக அதைவிடக் குளிர்ந்த ஓர் இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு இருந்தாலும் அசையாது.

இதை முதலில் சரியாகப் பிடித்தவர் சாடி கார்னோ என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர், 1824-ல், 28 வயதில். அருவி விழும் உயரத்தோடு ஒப்பிட்டுத்தான் அவரே எழுதினார். வீராணம் ஏரி நிரம்பி நிற்கலாம், ஆனால் தண்ணீர் இறங்கப் பள்ளம் இல்லையென்றால் அதை வைத்து ஒரு சக்கரத்தைக்கூடச் சுற்ற முடியாது. அவர் பாதையில் பிறகு வந்த கணக்கு ரொம்ப எளிது. சூடான பக்கம், குளிர்ந்த பக்கம் இரண்டின் வெப்பநிலையையும் கெல்வினில் எழுதுங்கள் (செல்சியஸோடு 273 கூட்டினால் போதும்). இரண்டின் வித்தியாசத்தைச் சூடான பக்கத்தின் கெல்வினால் வகுத்தால், எடுக்கும் வெப்பத்தில் அதிகபட்சம் எவ்வளவு பங்கு வேலையாக மாறும் என்று கிடைத்துவிடும். இயந்திரத்தை யார் செய்தாலும், உள்ளே நீராவி இருந்தாலும் காற்று இருந்தாலும் அமோனியா இருந்தாலும் அதற்கு மேல் போகவே முடியாது.

உங்கள் மாமாவிடம் வந்தவர் குளிர்ந்த பக்கமே வேண்டாம் என்கிறார். வித்தியாசம் பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், மீதியை நிதானமாகப் பேசலாம்.

வில்லியனூர்_டீச்சர்:

அண்ணா சொன்னது சரி. அந்த அருவி ஒப்பீட்டில் ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் குழம்பிவிடுகிறார்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கீழே போகும் தண்ணீர் அளவில் குறைவதில்லை. வெப்பம் குறைகிறது. வேலையாக மாறிய பங்கு போக மீதிதான் குளிர்ந்த பக்கத்தில் போய்ச் சேர்கிறது. கார்னோ காலத்தில் வெப்பத்தை அழியாத ஒரு திரவம் மாதிரி நினைத்தார்கள், அதனால் இது அவர் புத்தகத்தில் தெளிவாக வரவில்லை. 1850-ல் கிளாசியஸ் இதைச் சரிசெய்தார், அதற்கு அடுத்த ஆண்டு கெல்வினும் தன் வழியில் அதே இடத்துக்கு வந்தார்.

ஏன் மீதியைக் கொட்டியே ஆக வேண்டும் என்பதற்கு நான் வகுப்பில் போடும் கணக்கு இது. 540 டிகிரி நீராவி என்றால் 813 கெல்வின். அங்கிருந்து 813 ஜூல் வெப்பம் எடுக்கிறோம். வெப்பத்தை அதன் கெல்வினால் வகுத்தால் 1 வருகிறது, அதுதான் அந்த வெப்பம் கூடவே கொண்டுவரும் என்ட்ரோபி. 1865-ல் கிளாசியஸ் வைத்த பெயர். இயந்திரம் சுற்றிச் சுற்றி அதே நிலைக்கு வருவதால் இந்த 1-ஐ உள்ளேயே வைத்துக்கொள்ள முடியாது, வெளியே தள்ள வேண்டும், ஆனால் வேலைக்கு என்ட்ரோபி கிடையாது, சுற்றுகிற தண்டு அதைச் சுமந்துபோகாது. ஆகவே வெப்பமாகத்தான் தள்ள முடியும். குளிர்ந்த பக்கம் 45 டிகிரி, அதாவது 318 கெல்வின் என்றால் 318 ஜூல் தள்ளினால்தான் 318-ஐ 318-ஆல் வகுத்து 1 வரும். மீதி 495 ஜூல் உங்களுக்கு. 495-ஐ 813-ஆல் வகுத்தால் 61 சதவீதம். உராய்வு, கசிவு எதுவும் இல்லாத இயந்திரத்துக்கே இவ்வளவுதான்.

இப்போது கடலுக்கு வாருங்கள். 302 ஜூலை 302 கெல்வினில் எடுத்து முழுவதையும் கரண்ட் ஆக்கினால், அந்த 1 எங்கே போகும்? போக வழியில்லை. ஆற்றல் கணக்கு நேராகத்தான் இருக்கிறது, இந்த இரண்டாவது கணக்குத்தான் நேராகவில்லை. ஆற்றல் அழியாது என்பது மட்டும் பாடத்தில் இருந்து இது இல்லாமல் போவதால்தான் இப்படிப்பட்ட பெட்டிகளை விற்க முடிகிறது. எனக்கு இதில் நிஜமாகவே கோபம் வருகிறது, ஏனென்றால் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

மஞ்சக்குப்பத்தான்:

டீச்சர், ரொம்ப நன்றி, இப்போதுதான் புரிந்தது. மாமாவிடமும் பேசிவிட்டேன், பணம் கொடுக்கவில்லை.

அடுத்த சந்தேகம். 61 சதவீதம் என்கிறீர்கள், ஆனால் அனல் மின் நிலையங்களில் முப்பது சொச்சம்தான் வருகிறது என்று படித்தேன். மீதி எங்கே? அப்புறம் அந்தக் கூலிங் டவரிலிருந்து வெள்ளையாக ஆவி போய்க்கொண்டே இருக்கிறதே, விருத்தாசலம் ரோட்டில் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், அத்தனையும் வீண்தானே? அதைப் பிடித்து இன்னொரு டர்பைன் ஓட்ட முடியாதா?

நெய்வேலி_டர்பைன்:

இந்தக் கேள்வியை ஊரில் எல்லோரும் கேட்பார்கள். 210 மெகாவாட் டர்பைன் ஒன்று கண்டென்சர் (டர்பைனைவிட்டு வரும் நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கும் பகுதி) வழியாக வெளியே தள்ளும் வெப்பம் அந்த 210-ஐ விட அதிகம். அதைச் சுமந்துபோக மணிக்கு இருபதாயிரம் டன்னுக்கு மேல் தண்ணீர் சுற்றுகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் டவருக்குள் நுழையும்போது 42 டிகிரி, கீழே தொட்டியில் சேரும்போது 32 டிகிரி மாதிரிதான் இருக்கும். 315 கெல்வின், 305 கெல்வின். பத்தை 315-ஆல் வகுங்கள், 3 சதவீதம்தான். அதுவும் ஏட்டுக் கணக்கு. அந்த 3 சதவீதத்தைப் பிடிக்க வைக்கும் இயந்திரம் பிரதான டர்பைனைவிடப் பெரிதாக இருக்கும், பம்புகளுக்கே அந்தக் கரண்ட் போதாது. டர்பைன் எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டுத்தான் கீழே தள்ளியிருக்கிறது.

வீண் என்று நினைக்கிற அந்தக் குளிர்ந்த பக்கம்தான் பாதி வேலையைச் செய்கிறது. 45 டிகிரியில் நீராவி நீராகும்போது கண்டென்சருக்குள் அழுத்தம் காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான். அந்த வெற்றிடத்தை நோக்கி நீராவி விரிந்து பாய்வதால்தான் கடைசிப் பிளேடுகள் வரை சுற்றுகின்றன. ஆவியை அப்படியே வானத்தில் விட்டால் நூறு டிகிரியோடு நின்றுவிடும், கீழே உள்ள ஐம்பத்தைந்து டிகிரியும் போச்சு. மே மாதத்தில் புழுக்கமான நாளில் டவர் தண்ணீர் சரியாகக் குளிராது, வேக்குவம் (கண்டென்சருக்குள் உள்ள வெற்றிடம்) இறங்கும், அதே கரி எரித்தும் லோடு, அதாவது கிடைக்கும் கரண்ட், குறையும். அந்த வேக்குவம் மீட்டரைப் பார்த்துக்கொண்டே வேலை பார்த்தவன் நான், அதனால் சொல்கிறேன், குளிர்ந்த பக்கத்தைக் காப்பாற்றுவது நெருப்பைக் காப்பாற்றுவதற்குச் சமமான வேலை.

முப்பது சொச்சம் ஏன் என்பது பற்றி ராத்திரி எழுதுகிறேன்.

புதுவை_மாணவன்:

அதற்குள் நான் கொஞ்சம் சொல்லட்டுமா? கார்னோவின் 61 சதவீதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. நெருப்பும் நீராவியும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும், நீராவியும் குளிர்விக்கும் தண்ணீரும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் வெப்பம் ஏன் பாயப் போகிறது? பாயவே பாயாது, அல்லது எல்லையில்லாமல் மெதுவாகப் பாயும். அதாவது முழுத் திறன் உள்ள இயந்திரம் தரும் மெகாவாட் பூஜ்யம். கரண்ட் வேண்டுமென்றால் வெப்பம் வேகமாகப் பாய வேண்டும், வேகமாகப் பாய வேண்டுமென்றால் இரண்டு முனையிலும் கொஞ்சம் வெப்பநிலை வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், விட்டுக்கொடுத்த வித்தியாசத்தில் வேலை கிடைக்காது. எவ்வளவு விட்டால் மெகாவாட் அதிகபட்சமாக இருக்கும் என்று 1975-ல் கர்சனும் ஆல்போர்னும் கணக்கிட்டார்கள். 1957-லேயே அணுமின் நிலையங்களை வைத்து நோவிக்கோவும் ஷம்பாதாலும் தனித்தனியாக இதே விடைக்கு வந்திருந்தார்கள்.

விடை அழகானது. குளிர்ந்த கெல்வினைச் சூடான கெல்வினால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 1-லிருந்து கழித்தால் போதும். டீச்சர் கொடுத்த 318-க்கும் 813-க்கும் போட்டால் 37.5 சதவீதம் வருகிறது. 61 எங்கே, 37.5 எங்கே. கர்சனும் ஆல்போர்னும் இங்கிலாந்தின் வெஸ்ட் தர்ரக் நிலக்கரி நிலையத்தை எடுத்துக்கொண்டார்கள், 565 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும் கார்னோ கணக்கு 64, இவர்கள் கணக்கு 40, அங்கே நிஜத்தில் கிடைத்தது 36. எனக்கு இயற்பியலில் ரொம்பப் பிடித்த விடைகளில் இது ஒன்று. திறன், வேகம் இரண்டும் ஒன்றையொன்று விட்டுக்கொடுப்பதை இவ்வளவு சின்னக் கணக்கு காட்டிவிடுகிறது.

வில்லியனூர்_டீச்சர்:

நல்ல விளக்கம் தம்பி, ஆனால் அதை ஒரு புதிய சட்டம் மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே கட்டுரையில் கனடாவின் கேண்டு அணு உலை ஒன்றும் இருக்கிறது, 300 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும். வர்க்கமூலக் கணக்கு 28 சதவீதம் என்கிறது, நிஜத்தில் 30 கிடைக்கிறது. கார்னோ எல்லையை யாரும் தாண்டியதில்லை, தாண்டவும் முடியாது. இந்த வர்க்கமூல எல்லையைத் தாண்டலாம். வெப்பம் கடத்தும் குழாய்ப் பரப்பை அதிகமாக்கினால், மெதுவாக ஓடத் தயாராக இருந்தால், 37.5-க்கு மேலே போகலாம். செலவு கூடும். அதிகபட்ச மெகாவாட்டா, எரிபொருள் மிச்சமா என்று நாம் எதைக் கேட்கிறோமோ அதைப் பொறுத்தது.

நெய்வேலி_டர்பைன்:

டீச்சர் பக்கம்தான் நானும். வர்க்கமூலக் கணக்கு முப்பது சொச்சத்துக்குப் பக்கத்தில் வருவது உண்மை, ஆனால் பிளான்ட்டுக்குள்ளே அது அப்படி ஒரே இடத்தில் போவதில்லை, படிப்படியாகப் போகிறது.

நீராவி 540 டிகிரியில் டர்பைனுக்குள் போகிறது என்றாலும் வெப்பம் அத்தனையும் 540-ல் ஏறவில்லை. 150 காற்றழுத்தத்தில் தண்ணீர் கொதிப்பதே 340 டிகிரியில்தான், அதற்கு முன்னால் 240-லிருந்து சூடேற வேண்டும், கொதித்த பிறகுதான் 540 வரை ஏறுகிறது. சராசரி பார்த்தால் 350, 370 என்றுதான் வரும். அங்கேயே 61 என்பது 50-க்குப் பக்கம் இறங்கிவிட்டது. டர்பைன் பிளேடில் கொஞ்சம் போய் 43, 44. பாய்லரில் நமக்கு ஒரு தனிப் பிரச்சனை, பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கிப் புகைபோக்கி வழியே அனுப்பும் செலவையும் கரிதான் கொடுக்க வேண்டும், அதனால் பாய்லர் திறன் எழுபத்தைந்து, எண்பதோடு நின்றுவிடும். 34 ஆச்சு. கரி கொண்டுவரும் பெல்ட், கரி அரைக்கும் மில், ஃபேன், பம்பு எல்லாம் பிளான்ட் கரண்டிலேயே ஓடுவதால் வெளியே போவது 31 மாதிரி.

சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கரியில் சுமார் 2,700 கிலோ கலோரி, ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரி. 31 சதவீதம் என்றால் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். உங்கள் வீட்டு பில்லில் உள்ள யூனிட்டை அப்படியே கிலோவாகப் படித்தால் சுரங்கத்திலிருந்து எவ்வளவு வந்தது என்று தெரிந்துவிடும்.

காலாப்பட்டு_மீனவன்:

கடல் பற்றிய பேச்சை விட்டுவிட்டீர்களே. மேலே சூடு, அடியில் குளிர் என்று எங்களுக்கு எல்லாம் தெரியும். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்குமாம். அப்போது குளிர்ந்த பக்கம் கிடைத்துவிட்டதே?

புதுவை_மாணவன்:

ஆமாம் அண்ணா, அது நிஜமான வழி. 1881-லேயே தார்சான்வால் சொன்னார், 1930-ல் ஜார்ஜ் கிளாட் கியூபாவில் மட்டான்சாஸ் விரிகுடாவில் செய்துகாட்டி 22 கிலோவாட் எடுத்தார். மேலே 29, ஆயிரம் மீட்டர் கீழே 7 என்று வைத்தால் 22-ஐ 302-ஆல் வகுத்து 7 சதவீதம்தான் எல்லை. நிஜத்தில் இரண்டு, மூன்று மிஞ்சினால் பெரிது, அதிலும் ஆழத்திலிருந்து தண்ணீரை மேலே இழுக்கும் பம்பு ஒரு பங்கைத் தின்றுவிடும். குழாய்தான் பெரிய தலைவலி. தூத்துக்குடி கடலில் 1 மெகாவாட் மிதக்கும் நிலையம் வைக்கச் சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் முயன்றபோது அந்த நீண்ட குளிர்நீர்க் குழாயை இறக்குவதில்தான் தடைபட்டது. அதே வெப்பநிலை வித்தியாசத்தை அவர்கள் 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் குடிநீர் எடுக்கப் பயன்படுத்தினார்கள், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். மேல் தண்ணீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி ஆழத்துத் தண்ணீரால் குளிரவைப்பது. கரண்ட் எடுப்பதைவிட அது எவ்வளவோ சுலபம்.

தானே_புயல்_பார்த்தவள்:

நான் ஒன்று கேட்கலாமா? 2011 டிசம்பரில் புயல் அடித்தபோது கடலூரில் எத்தனையோ நாள் கரண்ட் இல்லை. விறகு அடுப்பு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. அடுப்பில் வைத்தால் போன் சார்ஜ் ஆகும் தகடு விற்கிறார்களே, அதுவும் அந்தப் பெட்டி மாதிரி ஏமாற்றா?

வில்லியனூர்_டீச்சர்:

இல்லைம்மா, அது உண்மை. 1821-ல் சீபெக் கண்ட விளைவு. ஒரு முகம் சூடாகவும் மறு முகம் குளிர்ச்சியாகவும் இருந்தால் தகட்டில் மின்னழுத்தம் வரும். திறன் ஐந்து சதவீதம் மாதிரிதான், ஆனால் அடுப்பில் வெப்பம் நிறையவே இருப்பதால் போனுக்குத் தேவையான சில வாட் கிடைத்துவிடும். மறு முகத்தில் தண்ணீர்ப் பாத்திரம் வைக்க வேண்டும், அந்தத் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தால் கரண்ட் படுத்துவிடும், மாற்றி ஊற்றணும். வாங்குவதானால் தண்ணீர் ஊற்ற இடம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:

அப்படியானால் சோலார் பேனலுக்குக் குளிர்ந்த பக்கம் எங்கே? மாமா இதைக் கேட்டு மடக்குகிறார்.

வில்லியனூர்_டீச்சர்:

பேனல்தான் குளிர்ந்த பக்கம். சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,800 கெல்வின், அங்கிருந்து வரும் ஒளி அந்த வெப்பநிலையைச் சுமந்துகொண்டு வருகிறது, பேனல் 330 கெல்வினில் இருக்கிறது. வித்தியாசம் எவ்வளவு பெரிது பாருங்கள். அதே ஒளி தகரத்தில் விழுந்து அறுபது டிகிரிச் சூடாக மாறிவிட்டால் கதை முடிந்தது, நிழலில் 35 டிகிரி என்று வைத்தாலும் 7.5 சதவீதம்தான் எல்லை. அதனால் மாமாவுக்குக் கூரையிலிருந்து கரண்ட் வேண்டுமானால் பேனல் போடட்டும், தகரத்தின் சூட்டை நம்ப வேண்டாம்.

நெய்வேலி_டர்பைன்:

மில்லுக்கு வருவோம், அதுதான் பிரயோஜனம். புகை 200 டிகிரியில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 473-க்கும் 308-க்கும் கார்னோ 35 சதவீதம் காட்டும், பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் வெப்பம் எடுக்க எடுக்கப் புகையே குளிர்ந்துகொண்டு வருகிறது, கடைசியில் எடுக்கும் வெப்பத்துக்கு மதிப்பே இல்லை. கடைசி வரை கூட்டினால் 20 சதவீதம்தான் எல்லை, நிஜ இயந்திரம் அதில் பாதி கொடுத்தால் அதிகம். சின்ன மில்லுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

அதே வெப்பத்தை வெப்பமாகவே எடுத்தால் பெரும்பகுதி கைக்கு வரும். புகை போகும் வழியில் எகனாமைசர் வைத்து பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்குங்கள். தண்ணீர் ஆறு டிகிரி ஏறினால் எரிபொருளில் ஒரு சதவீதம் மிச்சம் என்பது பாய்லர்காரர்களின் பழைய கணக்கு. 30 டிகிரித் தண்ணீரை 80-க்குக் கொண்டுபோனால் எட்டு சதவீத உமி மிச்சம். ஆரோவில் சோலார் சமையலறைக் கூரையில் 15 மீட்டர் அகலக் கிண்ணம் வைத்து வெயிலில் நீராவி எடுக்கிறார்களே, அவர்களும் அதைக் கரண்ட் ஆக்காமல் நேராகச் சமையலுக்குத்தான் கொடுக்கிறார்கள். தேவை சூடு என்றால் நடுவில் டர்பைன் எதற்கு?

கரண்டும் வேண்டும், அவிக்க நீராவியும் வேண்டும் என்றால் வரிசையை மாற்ற வேண்டும். உயர்ந்த அழுத்தத்தில் நீராவி எடுத்து முதலில் டர்பைனுக்கு, அதிலிருந்து வெளியே வருவதை நெல்லுக்கு. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை எரித்துச் செய்வது இதுதான். கண்டென்சரில் கொட்ட வேண்டியது அங்கே சாற்றைக் காய்ச்சிவிடுகிறது. ஆனால் இருக்கிற பாய்லரில் அழுத்தத்தைக் கூட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து. அதற்கு வேறு பாய்லர், பாய்லர் இன்ஸ்பெக்டர் அனுமதி, எல்லாம் முதலிலிருந்து.

மஞ்சக்குப்பத்தான்:

எகனாமைசர் என்றதும் மாமா உட்கார்ந்து கேட்டார். பாய்லர்காரரை வரச் சொல்லியிருக்கிறோம். என்ன கேட்டு வாங்க வேண்டும்?

நெய்வேலி_டர்பைன்:

முதலில் புகைபோக்கி அடியில் தெர்மாமீட்டர் வைத்து, பாய்லர் முழு வேகத்தில் ஓடும்போது எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவர் சொல்லும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். உமி எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா, மணல் மாதிரி குழாயை அராவிவிடும். அதனால் குழாய் இடைவெளி அகலமாக, புகை வேகம் குறைவாக, கதவு திறந்து சாம்பல் தட்டும்படி இருக்க வேண்டும். புகையின் இழுப்பு குறைந்தால் ஃபேன் பெரிதாக்க வேண்டியிருக்கும், அந்தக் கரண்ட் செலவையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். குழாய் பாய்லர் அழுத்தத்தில் இருக்கும் என்பதால் இதற்கும் இன்ஸ்பெக்டர் அனுமதி உண்டு, அந்தத் தாளைப் பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்க வேண்டாம். புகை எண்ணும் தண்ணீர் எண்ணும் கிடைத்ததும் இங்கே போடுங்கள், எத்தனை மீட்டர் குழாய் வேண்டும் என்று நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.